தினசரி நாலு முறை சாகிறவள்

உலகம்மாள் சினிமாவுக்குள் போன கதையை எங்கள் வெள்ளூரணியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு தினுசாகச் சொல்வார்கள், சொல்கிற ஒவ்வொருவரும் அவளைக் காப்பாற்றியதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது போலவே சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறுகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் சண்முகவடிவு. ராஜகுமாரி டாக்கீஸில் பெண்கள் கவுண்டரில் பதினாறு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறவள். நடந்ததை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பார்த்தவள் நான் ஒருத்திதான், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அப்போது எங்கள் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது ‘டோக்கியோ ராட்சசி’ என்ற ஜப்பான் டப்பிங் படம். நல்ல படம் வாங்க முதலாளி தனுஷ்கோடிக்கு வக்கில்லாத காலம், பெட்டியில் கிடந்ததைக் கொண்டுவந்து ஓட்டினார். அதை எடுத்தவனும் இவரைப் போல வக்கில்லாதவன்தான் போலிருக்கிறது, ஒரே மாடிப்படியை ஐந்து இடத்தில் காட்டினான், ஒரே தடியன் மீசையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மூன்று தடவை செத்தான், மழைக் காட்சியில் தண்ணீர் பீய்ச்சுகிற ரப்பர் குழாய் ஓரத்தில் தெரிந்தது, கதவைச் சாத்தினால் சுவரே ஆடியது. கதை இவ்வளவுதான். ரெய்கோ என்று ஒருத்தி, ஒரு கும்பலுக்காக ஆட்களைக் கொல்கிறவள். ஒரு கொலையைப் பார்த்துவிட்ட டைப்பிஸ்ட் பெண்ணைத் தீர்த்துக்கட்ட அவளை அனுப்புகிறார்கள். போன இடத்தில் அந்தப் பெண் மேஜையில் தலை வைத்துத் தூங்குவதைப் பார்த்து மனசு மாறி, அவளுக்கே காவலாக நிற்க ஆரம்பித்துவிடுகிறாள் ரெய்கோ. அதற்கப்புறம் படம் முழுக்க அந்தப் பெண்ணுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்பாள். “நான் உன்னைப் பார்க்க மாட்டேன் பெண்ணே, உன்னைப் பார்க்க வருகிறவர்களை மட்டும்தான் பார்ப்பேன்” என்று சொல்வாள், அவள் வாயை மூடின பிறகும் தமிழ் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும். கடைசியில் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் மூன்று குண்டுகளைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு செத்துப்போவாள், டைப்பிஸ்ட் பெண் ரயிலேறிப் போய்விடுவாள், வணக்கம்.

உலகம்மாளை ஊரில் உலகு என்றுதான் கூப்பிடுவோம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண், இருபத்திரண்டு வயசு, சினிமா என்றால் உயிர். தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சாபீஸில் வேலை பார்த்த ஞானராஜைக் கட்டிக்கொண்டாள். அவன் கிழக்குத் தெருப் பையன். மேலத்தெருப் பெண் கிழக்குத் தெருவில் வாக்கப்படுவதாவது என்று அவளுடைய இரண்டு அண்ணன்களும் அரிவாளைத் தீட்டினார்கள். பெரியவன் சுடலைமுத்து, சின்னவன் அருணாசலம். ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட ஆறாம் நாள், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பஜாரில் அவளைக் கண்டு துரத்தினார்கள். பட்டப்பகல், சந்தை நாள் வேறு. இருபத்து மூன்று கடை இருக்கிறது அந்த பஜாரில், அவள் ஓடி வர வர ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கியது, முழுசாகவும் இறங்கவில்லை, ஒரு சாண் இடுக்கு விட்டு இறங்கியது, அந்த இடுக்குகளில் எல்லாம் கண்கள் இருந்தன.

அவள் என் கவுண்டரைத் தாண்டிப் பெண்கள் வாசலுக்குள் ஓடினாள். பின்னாலேயே அண்ணன்மார் இரண்டு பேரும் வந்து நின்றார்கள், சட்டைக்குள் அரிவாள் புடைத்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், “ஆம்பளையாளுக அந்தப் பக்கம்” என்று சொன்னது. தங்கச்சியை வெட்ட வந்த அந்த இரண்டு பேரும், பெண்கள் வாசல் வழியாக நுழைந்தால் ஊர் என்ன பேசும் என்று தயங்கி, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ஆண்கள் கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வடிவக்கா சமயோசிதமாக அவர்களைச் சுற்ற விட்டாள் என்று பிற்பாடு ஊர் என்னை மெச்சியது. சமயோசிதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பழக்கம். அவர்கள் ஆண்களாக இல்லாமல் பெண்களாக இருந்திருந்தால் நானே டிக்கெட் கிழித்துக் கொடுத்து உள்ளே அனுப்பியிருப்பேன், அது எனக்குத் தெரியும்.

எங்கள் தியேட்டரில் பெண்கள் பகுதிக்கும் ஆண்கள் பகுதிக்கும் நடுவே திரையிலிருந்து பின்கதவு வரை மார்பளவுக்கு ஒரு சுவர் உண்டு. உலகு சுவரை ஒட்டியே முன்னால் ஓடினாள். முன்பக்கம் கதவு கிடையாது, சிமெண்டு மேடையும் அதன்மேல் திரையும்தான். ரப்பர் குழாய் மழைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் ஏறினவள், கூட்டமான பஸ்ஸுக்குள் தோளைச் சாய்த்து நுழைவது போல நுழைந்து மழைக்குள் போய்விட்டாள். திரை லேசாக ஒரு தடவை ஆடியது, அவ்வளவுதான். ரெய்கோ திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள், இருட்டில் ஆண்கள் பகுதியிலிருந்து ஓடி வருகிற இரண்டு பேரை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு உலகுக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். டைப்பிஸ்டாக நடித்த பெண் தன் வேலை முடிந்தது என்று நினைத்தாளோ என்னவோ, போட்டிருந்த மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி உலகு கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நடந்து போனாள், அப்புறம் படத்தில் அவள் வரவேயில்லை. ஆண்கள் பகுதியில் விசில் பறந்தது.

சின்னவன் அருணாசலம் மேடையேறி வெட்டியதில் திரை ஒரு சாண் கிழிந்தது. தனுஷ்கோடி போலீஸைக் கூப்பிட்டார், திரை கிழிந்ததற்காகக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் வந்து கிழிசலை அளந்து எழுதிக்கொண்டார். பெண்ணைப் பற்றி ஞானராஜ் புகார் கொடுக்கப் போனபோது, “தம்பி, அவ நிக்கிற இடம் ஜப்பானு. நம்ம ஸ்டேஷன் எல்லை ஊரணிக்கரையோட முடியுது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் திரையைத் தைத்தார்கள். பதினொரு மணிக் காட்சிக்கு விளக்கணைத்ததும், மூன்றாவது ரீலில், மழையில், மஞ்சள் கோட்டும் கீழே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பச்சைச் சேலையுமாக உலகு நின்றாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நாள். மூன்றாம் நாள் தியேட்டர் வாசலில் உலகுக்குக் கட்அவுட் எழும்பியது, ரெய்கோவை விட ஒரு முழம் உயரமாக. துரத்தி வந்தபோது ஷட்டரை இழுத்த ஜவுளிக்கடைக்காரர்தான் அதற்கு மாலை போட்டார். ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து, ஜப்பானில் ரயில் நேரத்துக்கு வருமா என்று அவளிடம் கேட்கச் சொன்னார். வரும், ஆனால் ஒரே ரயில்தான் திரும்பத் திரும்ப வரும் என்று அவள் சொன்னாள். அவள் பேசினால் கேட்கும், நாம் பேசினாலும் அவளுக்குக் கேட்கும். ரெய்கோவோடு உட்கார்ந்து குச்சியால் ஏதோ எடுத்துச் சாப்பிடுகிற காட்சி வரும்போதெல்லாம், அது சேமியாவா இடியாப்பமா என்று பெண்கள் பகுதியில் சண்டை நடக்கும். உலகுவின் அப்பாகூட ஒரு மத்தியானம் வந்தார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார், “பிள்ளை மெலிஞ்சுட்டா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மகன்களிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். படத்துக்குள் இருக்கிற வரைக்கும் அவள் ஊரில் இருப்பதாகக் கணக்கில்லை, அதனால் மேலத்தெரு மானத்துக்குப் பங்கமில்லை. அவள் மண்ணில் கால் வைத்தால் பழைய நிலைமைதான், அண்ணன்மார் இஷ்டம். இதுதான் தீர்ப்பு. ரெண்டு தரப்புக்கும் பாதகமில்லாத தீர்ப்பு என்று பெரியவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். ஒரு பெண் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் தேசம் விட்டுத் தேசம் போய், சாயம் போன ஒரு படத்துக்குள் நனைந்துகொண்டு நிற்க வேண்டும், அங்கேயும் அவளுக்கு ஒரு கொலைகாரி காவல் இருக்க வேண்டும், இதை நல்ல தீர்ப்பு என்று சொல்ல எங்கள் ஊரில் பதினோரு பெரிய மனுஷர்கள் இருந்தார்கள்.

அண்ணன்மார் தினமும் மத்தியானக் காட்சிக்கு வந்தார்கள், என்றைக்காவது இறங்குவாள் என்று. முன்வரிசையில் அவர்களுக்கென்று இரண்டு நாற்காலியைத் தனுஷ்கோடி ஒதுக்கியே வைத்துவிட்டார். அரிவாளோடு உள்ளே போகக் கூடாது, திரைக்கு ஆபத்து என்று மட்டும் கறாராகச் சொன்னார். அதனால் சைக்கிள் ஸ்டாண்டில் அரிவாளை ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். ஸ்டாண்டுக்காரர் மாசிலாமணி, சைக்கிளுக்குக் கட்டுகிற அதே தகர வில்லையை அரிவாள் பிடியிலும் நூலால் கட்டி, மழை பட்டுத் துருப்பிடிக்காமல் கூரைக்கடியில் வைப்பார். படம் விட்டதும் டோக்கனைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். நேற்று எண்ணெய் போட்டு வைத்தேன் அண்ணாச்சி என்பார் அவர். என் காதால் கேட்டேன்.

ஞானராஜும் தினமும் வருவான். அண்ணன்மார் இரண்டு பேருக்கும் நாலு வரிசை பின்னால் உட்காருவான். அவனை அவர்கள் தொடவில்லை, முதலில் அவள், பிறகு இவன் என்று வரிசை வைத்திருந்தார்களாம். மூன்றாவது ரீல் வந்ததும் எழுந்து நிற்பான்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். நீ?”

“ம். ஜொரம் விட்டுதா?”

“எப்படி விடும், மழையில்லா பேஞ்சுக்கிட்டே இருக்கு. ஓம் சட்டைப் பொத்தான் அந்துருக்கு பாரு, தச்சுப் போடு.”

இவ்வளவுதான் பேசுவார்கள், அதற்குள் ரெய்கோ சுட ஆரம்பித்துவிடுவாள். பேச்சைக் கேட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள், அழுதுவிட்டு இடைவேளையில் முறுக்கு வாங்குவார்கள். நானும் அழுதேன். நானும் முறுக்கு வாங்கினேன்.

நாங்கள் யாரும் பார்க்காத ஒன்றை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும் அந்தப் பிளாட்பாரத்தில் ரெய்கோ சாகிறாளே, அதை நாங்கள் படம் என்று பார்த்தோம். உள்ளே இருக்கிறவளுக்கு அது படமா? காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, அவளுக்கு வர வேண்டிய மூன்று குண்டுகளை இன்னொருத்தி தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு அவள் காலடியில் சரிந்தாள். அடுத்த காட்சியில் முதல் ரீலிலிருந்து எழுந்து வந்து, ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் முதுகைக் காட்டி நின்றாள். உலகு முதலில் கத்திப் பார்த்தாள், குண்டு வருகிற பக்கத்தை முன்கூட்டியே சொல்லிப் பார்த்தாள், ரெய்கோவை இழுத்துப் பார்த்தாள். ரெய்கோவோ, தனக்குப் பின்னால் ஒரு உயிர் நிற்கிற வரைக்கும் விலகத் தெரியாதவள். அவளுக்கு எழுதிக் கொடுத்தது அப்படி.

திரையைத் தைத்து ஓட்டியதிலிருந்து இருபத்திரண்டாம் நாள் மத்தியானக் காட்சி. ரெய்கோ விழுந்தாள். வழக்கம்போல ரயில் வந்தது. உலகு ஏறவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ரெய்கோவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். ரயில் ஆளில்லாமல் போயிற்று. ஆபரேட்டர் சவரிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஓட விட்டுக்கொண்டே இருந்தார்.

“எம்பத்தாறு வாட்டி” என்றாள் உலகு. “எம்பத்தாறு வாட்டி எனக்காவச் செத்துட்டா. எம் பாஷை தெரியாது இவளுக்கு, நீங்க கேக்குற தமிழு டப்பிங்கு. எங்க அய்யா பேரு தெரியாது, எந்தத் தெருன்னு தெரியாது, ஒரு நாளாவது கேட்டதில்ல. நீங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவுக. ஏ மாமா, ஜவுளிக்கடை மாமா, அன்னைக்கு ஓடி வந்தேன், ஒங்க கடை வாசல்ல விழுந்து எந்திச்சேன். ஷட்டர் இடுக்கு வழியா ஒங்க கண்ணு தெரிஞ்சுது. அன்னைக்கும் பாத்தீக, இன்னைக்கும் பாக்கீக. அன்னைக்கு டிக்கெட் இல்லாமப் பாத்தீக, அவ்வளவுதானே வித்தியாசம்?”

உலகு பெண்கள் வாசல் பக்கம் திரும்பினாள்.

“வடிவக்கா, அண்ணன்களுக்கு டிக்கெட் குடுத்தீகளா அன்னைக்கு?” என்று கேட்டாள். நான் வாசல் திரைச்சீலைப் பக்கம் நின்றிருந்தேன். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? டிக்கெட் கொடுத்தது ஆண்கள் கவுண்டர்தான், ஆனால் வழி காட்டியது நான். “ஆமாத் தாயி” என்றேன்.

“நாளைக்கு மத்தியான ஆட்டத்துல நான் எறங்கி வந்துருவேன். அண்ணே, ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. வெட்டுனா வெட்டுங்க. நாளைக்கு மேல இவ சாவுறத என்னால பாக்க முடியாது.”

அன்று சாயங்காலமே ரிக்‌ஷாவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். “நாளை மதியக் காட்சியில் உலகம்மாள் இறங்குகிறாள், கடைசிக் காட்சி, காணத் தவறாதீர்கள்.” தனுஷ்கோடி கல்யாண மண்டபத்திலிருந்து மடக்கு நாற்காலி வரவழைத்தார். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வருவதாகச் சொன்னார்கள். எதைக் காண வருகிறார்கள் இவர்கள்? ஒரு பெண் மண்ணில் கால் வைத்ததும் வெட்டுப்படுவதைக் காண. தடுப்பதற்கு என்று ஒரு வேன்கூட வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டிக்கெட் கட்டை அப்படியே அடுப்பில் போட்டிருப்பேன். அதனால் என்ன ஆகிவிடும், அவர்கள் டிக்கெட் இல்லாமலே பார்க்கிறவர்கள்.

ஞானராஜ் என் கவுண்டருக்கு வந்தான். பொத்தான் இன்னும் தைக்கவில்லை.

“யக்கா, நாளைக்கு அவ முன்னால நான் போய் நிக்கப் போறேன்.”

“நின்னா ரெண்டு பொணம் விழும். அவளுக்கு ஒரு சாவப் பாக்க முடியலன்னுதான எறங்கி வாரா, ஒன் சாவக் காட்டப் போறியா?”

“அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீக?”

“மூணேமுக்கால் பஸ்ஸுல ஏறி உக்காந்து எடம் போட்டு வையி. அவ வருவா” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ரெய்கோவை எண்பத்தாறு தடவை பார்த்தது உலகு மட்டும் இல்லையே. வாசலில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். அவளிடம் இருந்த துப்பாக்கியை விட்டுவிடுங்கள், அது எங்கள் ஊரில் கிடைக்காது. அவள் நிற்கிற விதம் இருக்கிறதே, அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. அன்று மாலை தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்த பெண்களை வரிசையில் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினேன். எங்க வீட்டுல அடிப்பாக என்றாள் ஒருத்தி. நமக்கெதுக்குக்கா வம்பு என்றாள் இன்னொருத்தி. குழம்புக்குக் கரைத்து வைத்திருக்கிறேன் என்று போய்விட்டாள் ஒருத்தி. கடைசியில், கைவிரலெல்லாம் மருந்துக் கறை பிடித்த பேராச்சி என்கிறவள், ஐந்து பிள்ளை பெற்றவள், “எப்படி நிக்கணும், காட்டுக்கா” என்று கேட்டாள்.

மறுநாள் ஊசி விழ இடமில்லை. அண்ணன்மார் முன்வரிசை. அரிவாள் சைக்கிள் ஸ்டாண்டில், டோக்கன் சட்டைப் பையில். படம் ஓடியது. பிளாட்பாரம் வந்தது. ரெய்கோ முதுகைக் காட்டி நின்றாள், மூன்று துப்பாக்கிகள் தூண் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தன. உலகு அவள் தோளைத் தொட்டாள்.

“யக்கா, நான் வாரேன். திரும்பிப் பாக்காதீக.”

சொல்லிவிட்டு நடந்து வந்து திரையை விலக்கிச் சிமெண்டு மேடையில் கால் வைத்தாள். வெறுங்கால். மஞ்சள் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டி மேடை நனைந்தது, அந்த ஈரம் மூன்று நாள் காயவில்லை. சரியாகப் பெண்கள் பக்கத்துப் படியில் இறங்கினாள். ஆண்கள் பகுதியே எழுந்து நின்றது, ‘ஓ’ என்று ஒரு சத்தம்.

அப்போது பேராச்சி எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் அடுத்த வரிசை. யாரும் உலகுவைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆண்களைப் பார்த்து நின்றார்கள். குழம்பு கரைத்து வைத்திருந்தவளும் நின்றாள். சின்னவன் அருணாசலம் சுவரின்மேல் கையை ஊன்றி ஒரு காலைத் தூக்கிப் போட்டான்.

உடனே ஆண்கள் பகுதியிலிருந்து நாலாபக்கமும் சத்தம் கிளம்பியது. “ஏலே! பொம்பளையாளுக பக்கம்ல அது! அறிவிருக்கால? எறங்குல!” ஜவுளிக்கடைக்காரர்தான் பலமாகக் கத்தினார். அரிவாளோடு பஜாரில் ஓடியவனை ஏன் என்று கேட்காத வாய்கள், சுவரில் கால் போட்டவனைக் கேட்டன. சந்தோஷப்படுவதா காறித் துப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அருணாசலம் காலை எடுத்துக்கொண்டான். இரண்டு பேரும் அரிவாளை வாங்கச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள்.

எங்கள் வாசலுக்கு மேலே ஒரு மரப்பலகை தொங்கும், ‘பெண்கள் பகுதி, ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியது. நான் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினேன். இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் நூற்றுப் பத்துப் பெண்கள், நடுவில் உலகு, பக்கவாட்டில் நடந்தவர்கள் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு, பின்னால் நடந்தவர்கள் பின்னால் பார்த்துக்கொண்டு, ஒருத்தி காலை ஒருத்தி மிதித்துக்கொண்டு தெருவில் இறங்கினோம்.

அண்ணன்மார் அரிவாளோடு எதிரே வந்தார்கள், பிடியில் தகர வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. பலகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, பதினாறு வருஷமாகச் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

“ஆம்பளையாளுக அந்தப் பக்கம்.”

சுடலைமுத்து நின்றான். பலகையைப் படித்தான். தெருவைப் பார்த்தான், இருபத்து மூன்று கடையிலும் ஆட்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து கை வைத்தவன் என்ற பெயரை அவனால் சுமக்க முடியாது, தங்கச்சியைக் கொன்றவன் என்ற பெயரைச் சுமக்க முடியும். அப்படிப்பட்ட மானம் அது. அவன் தெரு ஓரத்துக்கு ஒதுங்கினான், தம்பியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். பலகை போன இடமெல்லாம் ஆண்கள் ஒதுங்கினார்கள், டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தார்கள், சைக்கிளிலிருந்து இறங்கினார்கள், பஜார் முழுக்கப் பெண்கள் பகுதியாகிக்கொண்டே வந்தது. இவ்வளவு லேசான பலகை. பதினாறு வருஷம் தலைக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஞானராஜ் ஜன்னலோரம் எழுந்து நின்றான். உலகு ஏறினாள், அவன் சட்டையில் அறுந்த பொத்தான் இருந்த இடத்தை ஒரு விரலால் தொட்டாள், பிறகு முகத்தைக் கோட்டில் புதைத்துக்கொண்டு அழுதாள். பஸ் ஊரணிக்கரையைத் தாண்டுகிற வரைக்கும் நாங்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்றோம். எந்த ஊருக்குப் போனார்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் சேர்த்துத்தான். அன்றைக்குப் பேராச்சி வீட்டில் அடி விழுந்தது. அடித்தவன் வாசலில் மறுநாள் இருபது பெண்கள் போய் நின்றார்கள், அவனைப் பார்த்துக்கொண்டு, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சாயங்காலக் காட்சியோடு படப்பெட்டி திரும்பிப் போக வேண்டும். கூட்டம் கலையாமல் அதற்கும் இருந்தது. பிளாட்பாரம் வந்தது. ரெய்கோ முதுகைக் காட்டி நின்றாள். தூண் மறைவிலிருந்து துப்பாக்கிகள் எட்டிப் பார்த்தன. ரெய்கோ மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள், அந்தப் பிளாட்பாரத்தில் முதல் தடவையாக. அங்கே யாருமில்லை. ஒரு எட்டு விலகி நின்றாள். மூன்று குண்டும் அவளைத் தாண்டிப் போய் அட்டைச் சுவரில் பட்டன, சுவர் ஆடியது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுக்கொண்டாள். எவ்வளவு நேரம் நின்ற கால்கள் அவை! ரயில் வந்ததும் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். நான் வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன்.

படம் விட்டதும் என் கவுண்டரில் ஒரே தள்ளுமுள்ளு. ஆண்கள் பக்கத்திலிருந்து சுற்றி வந்து, பெண்கள் கவுண்டர் என்றும் பாராமல் மொய்த்தார்கள். ஜவுளிக்கடைக்காரர்தான் முன்னால் நின்றார்.

“இது என்ன ஏமாத்து வேல வடிவு? கடைசியில அவ சாவணும்லா? சாவாமப் போய்ட்டா. டிக்கெட்டத் திருப்பி வாங்கிக்கோ, இல்லன்னா மறுபடி ஓட்டச் சொல்லு.”

“அண்ணாச்சி, இப்ப அவ யாருக்காவச் சாவணும்?” என்று கேட்டேன்.

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அந்த ஆள் இன்னொருத்தரைப் பார்த்தார். யாரும் போகவில்லை. நான் கவுண்டர் பலகையை இழுத்து மூடினேன். இடுக்கு விடாமல் மூடினேன்.